தாழ்ப்பாள்

"ஓ.டி. இருக்கா, ஓ.டி.?"
நடத்துநர் கேட்கும் குரலிலேயே தெரியும்
யாரும் இறங்கப் போவதில்லை என்று.
முதுநகர் என்று பெயர் வைத்துவிட்டு
திருப்பாப்புலியூரில் கிளை திறந்தார்கள்,
பிறகு கிளையே கடை ஆனது.

எங்கள் தெருவில் முப்பத்தொரு கடை.
பதினாறு ஷட்டர் இறங்கிக் கிடந்த வருடம்
நான் அதிகம் ஜெராக்ஸ் போட்டது
'வாடகைக்கு விடப்படும்' என்ற ஒரே தாளைத்தான்.
பிரதிக்கு இரண்டு ரூபாய்.
அந்த வருடம் லாபம் பார்த்தவன்
தெருவிலேயே நான் ஒருவன்.

அப்புறம் ஒரு திட்டம் வந்தது, கலரில்.
என் மெஷினில் கறுப்பு வெள்ளையாய் விழுந்தது.
எங்கள் தெருவில் மரங்கள் நின்றன,
மரத்தடியில் யாரோ காபி குடித்தார்கள்.
அஞ்சாபுலியின் ஐஸ் பெட்டி இல்லை.
வீரவல்லியின் மீன்கூடை இல்லை.
தாளை மூக்கருகே கொண்டுபோய்
"இது நம்ம தெரு இல்லப்பா" என்றாள் வீரவல்லி.

உண்டியல் வைத்தோம்.
கடைக்கு நாளுக்கு இருபது, கூடைக்கு ஐந்து.
பெட்டி பாரஸ்மல் அடகுக்கடையில்,
சாவி டீக்கடை ஜமாலிடம்,
நோட்டு என்னிடம்.
மூன்று பேரும் பேச்சுவார்த்தையில் இருக்கும் நாளில்தான்
பெட்டி திறக்கும்.

முதல் பணத்தில் ஜூஸ் கடை.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
மிக்சி இன்னும் என் மேசைக்கடியில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில்
வளைவு கட்டலாம் என்றார் ஒருவர்,
சுவரில் கப்பல் வரையலாம் என்றார் இன்னொருவர்.
கடைசியில் எழுந்தாள் வீரவல்லி.
"காலைல நாலு மணிக்கு ஹார்பருக்கு வர்றேன்
பதினோரு மணிக்கு பஸ் ஏறுறேன்
நடுவுல ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல.
ஏன்னு ஒரு ஆம்பளையாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. நானும்தான்.
டேபிள் ஃபேன் மட்டும்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
இல்லை இல்லை என்றது.

எட்டாம் நம்பர் கடை. ஓனர் மஸ்கட்டில்.
பதினோரு மாத ஒப்பந்தம்.
மூன்று அறை, ஒரு தொட்டி,
பை மாட்ட ஆணி,
உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள்.
யார் கழுவுவது என்பதில் கூட்டம் இரண்டு தரம் கலைந்தது.
கடைக்கு ஒரு நாள், முறை.
பாரஸ்மல் தன் நாளன்று
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல்,
பக்கெட்டோடு தெருவைக் கடந்தார்.
அன்றைக்குத்தான் நம்பினேன்.

ரிப்பன் இல்லை, மாலை இல்லை.
வீரவல்லி உள்ளே போனாள், வெளியே வந்தாள்,
ஜமாலிடம் ஒரு டீ கேட்டாள்.
இருபது வருடத்தில் அவள் கேட்ட முதல் டீ.
ஜமால் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வேண்டியிருந்தது.

டீ குடிக்க நின்றவள் நூல்கண்டு வாங்கினாள்.
மறுவாரம் நான்கு கூடைகள் நின்றன.
பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவள்
திரும்பும்போது ஜாக்கெட் துணி பார்த்தாள்.
தைக்கிற எஸ்தர், பதினாலாம் நம்பர் துருவுக்கு
மூன்று நாள் எண்ணெய் விட்டு
நாலாம் நாள் ஷட்டரைத் தூக்கினாள்.
தெருவே திரும்பிப் பார்த்தது,
அப்படி ஒரு சத்தம்.

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
ஏழு திறந்தது. இரண்டு மறுபடி மூடியது.

நேற்று மஸ்கட்டிலிருந்து போன்.
"தெரு நல்லா வந்துடுச்சாமே, தம்பி,
அடுத்த ஒப்பந்தம் ரெட்டிப்பு வாடகை."
அவருக்கும் தெருவுக்கும் நடுவில்
எங்கள் இருபது ரூபாய்கள்தான் இருந்தன,
அவையே அவர் பக்கம் போய் நின்றுகொண்டன.

விலைக்கே கேட்டுவிடலாம் என்கிறாள் எஸ்தர்.
நோட்டில் இருப்பதைக் கூட்டிப் பார்த்தேன்,
கழித்துப் பார்த்தேன். எட்டவில்லை.
ராத்திரி ஒன்பதரை. கூட்டம் பத்துக்கு.
'பங்கு ஒன்று, ரூபாய் ஐந்நூறு'
இருநூறு பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது,
டோனர் தீரப்போவதாய் மஞ்சள் விளக்கு எரிகிறது.
மெஷின் மூச்சு வாங்கும் இடைவெளியில்
எட்டாம் நம்பரில்
யாரோ உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிறார்கள்.