இரண்டு மணிக்கட்டுகளின் கணக்கு

மணிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு உணரிகள்.
கடிகாரம் போலிருக்கும், மணி காட்டாது.
தூங்கும்போதும் கழற்ற வேண்டாம் என்றேன்.
"அப்புறம் இது எதற்குத்தான் உதவும்?"
என்றார் ஹெல்துர் கூசிக்,
முஹூ தீவுக்குப் போகும் படகில்
முப்பத்தொரு வருடம் கயிறு வீசியவர்.

பக்கவாதத்துக்குப் பின்
இடது கை மார்போடு மடங்கிக் கிடந்தது.
எதையோ தரமாட்டேன் என்பதுபோல் மூடிய விரல்கள்.
பிரித்துப் பார்த்தால்
வியர்வை, நகம் பதிந்த நான்கு பிறைகள்,
கம்பளிச் சட்டையின் ஒரு துணுக்கு.

முன்கையில் மூன்று ஊசி, மேற்கையில் இரண்டு.
கெட்டுப்போன இறைச்சியில் பிறக்கும் நஞ்சுதான்,
துளியளவு கொடுத்தால் தசை இளகும்
என்று மருத்துவர் விளக்கியபோது
பாதி வாயால் சிரித்தார்:
"மைமுவின் தொத்திறைச்சி
இத்தனை வருடம் செய்யாததையா?"

ஆறாவது வாரம், தார்த்து நகரம்,
ஜன்னலில் பனி.
பதினான்கு நாட்களின் கோடுகள் என் திரையில் இறங்கின.
வலது கை சந்தைத் தெரு.
இடது, உறைந்த ஆறு;
அங்கங்கே ஒரு விரிசல்.

இங்கே மேசையில்
மரக்கட்டையை எடுத்து வையுங்கள் என்றால் வைக்கிறார்.
சோதனைத் தாளில் மூன்று மதிப்பெண் கூடியிருக்கிறது.
வீட்டில் அந்தக் கை எதையும் தொடுவதில்லை.
முடிவது வேறு, செய்வது வேறு.
எனக்கும் தெரியும்:
ஓடுவதற்கென்று வாங்கிய காலணி
இன்னும் பெட்டியில் இருக்கிறது.

பேருந்தின் குலுக்கலைக் கழித்தேன்.
நாய் வாரை இழுத்த நிமிடங்களைக் கழித்தேன்.
மிஞ்சியது ஒன்று:
இரவு இரண்டே முக்கால் சுமாருக்கு
இடது கை மட்டும் மெல்ல உயர்ந்து,
நகர்ந்து, இறங்குகிறது.
வலது அசையவே இல்லை.
பதினான்கில் பதினொரு இரவு.

உறக்கத்தில் மூளை பழைய வழியைத் தேடுகிறதோ?
ஒரு கட்டுரையின் தலைப்புகூட
எனக்குத் தோன்றிவிட்டது.

கேட்டேன். ஹெல்துருக்கு ஒன்றும் தெரியவில்லை.
மைமு தன் பூட்ஸிலிருந்து உருகி ஓடும் நீரைப் பார்த்தாள்.
"நான்தான்.
முன்பெல்லாம் அந்த முழங்கை விலாவில் குத்தும்,
முதுகு காட்டிப் படுப்பேன்.
இப்போது வளைகிறது.
விழிப்பு வந்தால்
எடுத்து என்மேல் போட்டுக்கொள்கிறேன்.
கெடுத்துவிட்டேனா உங்கள் கணக்கை?"

இல்லை என்றேன்.
ஹெல்துர் காது சிவந்து
சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை
மிகுந்த அக்கறையோடு படித்தார்.

அவர் அசைக்கவில்லை, அசைக்கப்பட்டது;
விதி தெளிவாக இருக்கிறது.
பதினொன்றையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன்.
விகிதத்தில் இரண்டாம் தசமம் ஒன்று குறைந்தது.
கோடு சமமானது,
யாரும் படுக்காத விரிப்பைப் போல.

மருந்தின் பிடி மூன்று மாதத்தில் விடும்,
கை மறுபடி மடங்கலாம் என்று சொல்லி
பட்டைகளைக் கழற்றினேன்.

அடுத்த ஊசி எந்தத் தேதி என்று
கேட்டது அவரல்ல.