வரிக் குறைப்பு

ரெட் டியர் நகரத்து விடுதியின் கீழ்த்தளம்.
பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
காது கேட்கும் கருவி விற்பவர்களுக்கும்
குதிரைப் பந்தயச் சங்கத்துக்கும் நடுவே
எங்கள் மேசை.

வென்டெல் கோவல் அட்டைக் கத்தரிக்கோல்கள்
கொண்டுவந்திருக்கிறார், ஆயிரத்து இருநூறு.
ஒரு பக்கம் ‘அரசைச் சுருக்கு’,
மறுபக்கம் அவர் டயர் கடையின் தொலைபேசி எண்.
வாங்கிய ஒவ்வொருவரும்
காற்றை ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான்
பைக்குள் போடுகிறார்கள்.

நான் மார்லிஸ் தீசன். போனோக்காவில் ரொட்டிக் கடை.
விடிகாலை மூன்றுக்கு எழுகிறவளுக்கு
அரசியல் எதற்கு என்று கேட்டார்கள்.
மூன்றுக்கு எழுவதால்தான்.
அடுப்புக்கு ஓர் உரிமம், அடுப்பின் புகைக்கு ஒன்று,
பெயர்ப்பலகைக்கு ஒன்று,
பலகையை ஆறு அங்குலம் நகர்த்த மூன்று மாதம்.
வேலைக்கு வைத்த பெண்ணுக்கு
நான் கொடுப்பது ஒன்று, அவள் கைக்குப் போவது ஒன்று.
சம்பளச் சீட்டை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்போம்
எலி கடித்த மூட்டையைப் பார்ப்பதுபோல.

இருபத்துமூன்றாம் தீர்மானம் என்னுடையது:
எல்லாத் துறைச் செலவிலும் பத்தில் ஒன்றைக் குறை.
மூன்று நிமிடம் தந்திருந்தார்கள்.
நாற்பத்தெட்டு வரி எழுதி
மாவு பிசையும்போது சொல்லிச் சொல்லிப்
பழகியிருந்தேன்.

இருபத்தோராம் தீர்மானம் இழுத்துவிட்டது
(கட்சிக் கொடியின் நீலம் எந்த நீலம் என்று
நாற்பது நிமிடம்).
தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்:
இனிப் பேசுகிறவர்களுக்குத் தொண்ணூறு நொடி.

வரிசையில் நின்றபடியே
வென்டெலின் பேனாவை வாங்கி
வரி குறைக்கத் தொடங்கினேன்.

அடுப்பை எடுக்க முடியாது, கூட்டத்துக்குப் பிடிக்கும்.
பெயர்ப்பலகை சிரிப்பு வரும் இடம்.
சம்பளச் சீட்டுதான் உயிர்.
மிஞ்சியது நடுவில் ஒரு பத்தி:

போன டிசம்பரில் என் கணவர் ஏபெல்
பனியில் சறுக்கி இடுப்பொடிந்து கிடந்தபோது
பதினாறு நிமிடத்தில் வந்த ஆம்புலன்ஸ்,
அதை ஓட்டிவந்த, நான் பெயர் கேட்க மறந்த பெண்,
மறுபடி நடக்கக் கற்றுத்தந்த இளைஞன்,
இவர்கள் அந்தப் பத்தில் ஒன்றில் இருக்கக்கூடாது,
எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை,
தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால்
எழுந்து சொல்லுங்கள்
என்று இருந்த இடம்.

கோடு போட்டேன்.
பேனா கொஞ்சம் கசிந்தது.

பச்சை விளக்கு. பேசினேன்.
அடுப்புக்குச் சிரித்தார்கள், பலகைக்குக் கைதட்டினார்கள்,
எலி கடித்த மூட்டைக்கு எழுந்தே நின்றார்கள்.
மஞ்சள் எரியுமுன் முடித்துவிட்டேன்.
“அரசும் இப்படி இருக்க வேண்டும்” என்றார் தலைவர்.
மண்டபம் குலுங்கியது.

ஒருத்தி மட்டும் இரண்டாம் மைக்குக்கு வந்தாள்.
டெல்ஃபின் கார்டினல், ஹை பிரேரி.
“எல்லாவற்றிலும் சரி. முதலில் எதில்?”
அவளுக்கும் அதே தொண்ணூறு நொடிதான்.
ஐந்தைச் செலவழித்துவிட்டு
மீதியை எனக்குக் கொடுத்து நின்றாள்.
பதில் என் கையில் இருந்தது,
நான் போட்ட கோட்டுக்கு அடியில்.
“எல்லாவற்றிலும்” என்றேன்.

நிறைவேறியது. முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நாற்பத்தொன்று.
அமலாவதைக் கண்காணிக்க
ஒன்பது பேர் குழு, ஒரு செயலாளர், பயணப்படி.
வென்டெல் தலையில் கைவைத்துக்கொண்டார்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடங்கவே இல்லை.

இன்னமும் நம்புகிறேன்.
திங்கட்கிழமை புகைக்கான உரிமத்தைப்
புதுப்பிக்கப் பணம் கட்டும்போது
இன்னும் கூடுதலாக நம்புவேன்.
ஆனால் அன்றிரவு விடுதி அறையிலிருந்து
ஏபெலுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்,
வெட்டியதையும் சேர்த்து,
மை பரவிய இடத்தில் ஞாபகத்திலிருந்து,
முழு மூன்று நிமிடம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவர்.
பிறகு,
“அந்தப் பொண்ணு பேரு ரொவீனா.”