குன்னூர் வண்டி

குன்னூரில் ஒரு தேயிலை பாக்டரி கணக்கரிடமிருந்து
மூன்று கை மாறி என்னிடம் வந்தது எஸ்டீம்.
"ஹீட்டரெல்லாம் உண்டும்" என்றான் புரோக்கர்.
வள்ளியூர் ஸ்டாண்டே சிரித்தது.
பொம்பளை டிரைவர் என்று முன்பே ஒரு சிரிப்பு பாக்கி இருந்தது,
அதையும் சேர்த்து.
நானும் சிரித்தேன். அப்போது மார்கழி.

பங்குனியில் தெரிந்தது.
ஏசி முகத்துக்கு மட்டும்.
டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரோ நெல் அவிக்கிற மாதிரி
முழங்காலுக்குக் கீழே வெக்கை.
லீவரை நீலத்தில் தள்ளினால் போகும், வரும்;
உள்ளே கம்பி அறுந்து எத்தனை வருஷமோ.

செவ்வாய், வியாழன், சனி
தவசிக்கனி அக்காளை முன்சீட்டில் வைத்து
பாளையங்கோட்டைக்கு, ரத்தம் சுத்தம் பண்ண.
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவளுக்கு,
ரசம் மோர் எல்லாம் அதற்குள்.
நாங்குநேரி தாண்டுமுன்
ஒரு ஐஸ் துண்டைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வாள்.
கால் இரண்டையும் சீட்டில் மடக்கிக்கொள்வாள்.
ரேடியேட்டருக்கு நான் ஊற்றுவதைப் பார்த்து ஒருநாள்,
"ஒன் வண்டி குடிக்கத எனக்குக் குடுத்தா
செத்துருவேன்லாட்டி" என்றாள்.
சிரிக்கத்தான் சொன்னாள்.

மேலப்பாளையத்தில் கோதர் மைதீன்
பானெட்டுக்குள் தலையை விட்டபடியே பேசினார்:
"ஹீட்டரக் கழத்தணும்னா டேஷ்போர்டு பூரா எறங்கணும்.
ரெண்டு நாளு."
ரெண்டு நாள் ஏது எனக்கு.
"அப்ப ஓஸ மறிச்சிருவோம்."

பைப் கடைப் பித்தளை வால்வு,
கால் திருப்பு போதும்.
ஒன்றின் விலை கேட்டு, ஒன்றே போதும் என்றேன்.

வியாழக்கிழமை, வெக்கை குறைந்திருந்தது.
போகவில்லை.
தவசிக்கனி சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைக் காட்டினாள்,
கயிறு போல் புடைத்த நரம்பு.
"ஊசி ரெண்டு. ஒண்ணுல போவும், ஒண்ணுல வரும்.
நிறுத்தணும்னா அந்த நர்சுப் பிள்ள
ரெண்டுலயும்தான் கிளிப்பு போடுவா.
ஒண்ணுல மட்டும் போட்டு நான் பாத்ததில்ல."

கோதர் மைதீனிடம் அப்படியே ஒப்பித்தேன்.
"டாக்டரம்மாவா?"
"பேசண்டு."
கொஞ்ச நேரம் ஓஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறின காலையில்
கீழே பேசின் வைத்து, பச்சைத் தண்ணீர் வடித்து,
பிளேடால் அறுத்து, சோப்பு தடவிச் சொருகி,
கிளிப்பை முறுக்கினார் நாலு சுற்று.
மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார்.
குமிழ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நின்றது.
கூலியில் ஐம்பது குறைத்துக்கொண்டார், கேட்காமலே.

அடுத்த டிரிப்பில் மூன்றடைப்பு தாண்டும்போது
திரும்பிப் பார்த்தேன்.
கால் நீட்டித் தூங்குகிறாள்.

கதை இங்கே முடிந்திருக்கலாம்.

சித்திரை கடைசி. மூன்று மணி.
டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறோம்.
தார் ரோடு தண்ணீர் மாதிரி மினுங்குகிறது.
அவளுக்குப் பல் கிட்டுகிறது.
ஏசியை அணைத்தேன், கண்ணாடியை ஏற்றினேன்,
பின்சீட்டுத் துண்டைப் போர்த்தினேன்.
"பத்தலட்டி," என்றாள்.
"அதத் தொற."

பொன்னாக்குடி தாண்டி ஒரு உடைமரத்தடி.
கையில் துணியைச் சுற்றிக்கொண்டு
இரண்டு பிடியையும் ஓஸோடு நேராகத் திருப்பினேன்.
ரப்பர் ஒரு தரம் விம்மியது.

நாங்குநேரி டோல்கேட்டில் கண்ணாடியை இறக்கினதும்
பையன் முகத்தைப் பின்னுக்கு இழுத்தான்.
"யக்கா, ஹீட்டரா போட்டிருக்கிய? இந்த வெயில்ல?"
ஆமா என்றேன்.
கண்ணில் இறங்கிய வியர்வையில்
அவன் இரண்டாகத் தெரிந்தான்.
அவள் வெறுங்காலை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து
மூச்சு சீராகியிருந்தாள்.

வள்ளியூரில் அவளை இறக்கிவிட்டு
பானெட்டைத் திறந்தேன், மூட.
வால்வில் சொட்டுக் கசிவு இல்லை.
தொட முடியாத சூடு.
ஆறட்டும் என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.