பின்சீட்டில் சக்கரங்கள்

சாரல் பிடித்த மூன்றாம் நாள், செங்கோட்டையில்,
திவான் ஒலி என் டயரைக் கழற்றிப் போட்டு
உள்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.
கம்பி தெரிய இன்னும் ஒரு மாதம்.
வெளிவிளிம்போ நேற்று வாங்கியது போல.

எனக்குத் தெரிந்த நோய்தான் இது.
ஆஸ்பத்திரியில் முட்டிவலிக்காரர்களை
கட்டிலில் ஏற்றும் முன்பே
கழற்றிவிட்ட செருப்பைப் புரட்டிப் பார்த்துவிடுவேன்.
தேய்ந்த பக்கம் பொய் சொல்லாது.

கறுப்பு வண்டி, டர்போ, நாலு கதவு.
புனலூர் லிஜோவிடம் வாங்கியது.
கம்பெனி தந்த பதினாறைக் கழற்றிவிட்டு
ஆசை ஆசையாய் அவன் மாட்டிய பதினெட்டு அங்குலம்.
சக்கரத்தைச் சுற்றி வளையல் தடிமனில் ரப்பர்.
நின்றால் கண் படும்.
நல்ல ரோட்டில் நினைத்ததும் திரும்பும்,
நினைக்காதபோதும் திரும்பும்.
பார லாரிகள் அழுத்திய தடம் கண்டால்
ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டு அதற்குள் போகும்,
விற்ற வீட்டுக்கே ஓடும் பூனை.
ஒட்டுப்போட்ட வளைவில் ஒரு துள்ளல்.
இறங்கும்போது ஒரு சாண் தள்ளி இறங்கும்.
அந்த ஒரு சாணில்தான் எதிரே
வைக்கோல் லாரி வரும்.

"கனம்," என்றார் திவான் ஒலி.
"சக்கரத்துக்கு நாலு கிலோ கூட.
ஸ்பிரிங்குக்கு மேல உள்ள பாரத்த ஸ்பிரிங் பாத்துக்கும்.
கீழ உள்ளத யாரு பாப்பா?"

மறுபடி பதினாறு.
பக்கச்சுவர் உயர்ந்த டயர்.
திரையில் சிவந்திருந்த எண்கள்
ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின.
பட்டுவேட்டி மாப்பிள்ளைக்கு
ரப்பர் செருப்பு மாட்டினாற்போல் நின்றது வண்டி.

ஞாயிற்றுக்கிழமை லிஜோ பஸ்ஸில் வந்தான்,
பழைய சக்கரங்களைத் திரும்ப வாங்க.
பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவான் என்று
அவனும் யோசிக்கவில்லை.
டிக்கியில் இரண்டு, பின்சீட்டில் இரண்டு.
சீட்டில் இருந்தவற்றுக்கு பெல்ட் போட்டேன்.
சுமைக்காகப் பின் டயரில் நாலு புள்ளி காற்று கூட்டினேன்.

புளியரை தாண்டியதும் கேட்டான்:
"சேச்சி, நான் ஓட்டட்டே?"

முதல் வளைவில் பழைய கணக்கில் ஒடித்தான்.
வண்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பியது.
"தாமதிக்குது," என்றான், சொந்த வீட்டில்
யாரோ நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்ட குரலில்.

இரண்டாவதில் அந்த ஒட்டு.
எனக்கு முன்பே அவன் தோள்கள் அதைப் பார்த்தன,
காது மடல் வரை ஏறின.
துள்ளலுக்காகக் காத்திருந்த தோள்கள்.
துள்ளல் வரவில்லை.
தடக்கென்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான்,
நனைந்த ரோடு டயரின் கீழேயே இருந்தது.

மூன்றில் பாதி இறங்கின.
ஐந்தில் அவன் ஒரு கையை எடுத்து
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.
எத்தனை வருஷம் இப்படி இறுக்கி ஓட்டினாய் என்று
நான் கேட்கவில்லை. நாளை அவனுக்குக் கழுத்து வலிக்கும்.

ஆரியங்காவுக்கு அப்பால் ரப்பர் மரங்கள்,
பட்டையில் சாய்வாய்க் கீறிய கோடுகள்.
பால் வழிய அங்கே ஒரு கோடு,
மழை வழிய இங்கே டயரில் ஒரு கோடு.
சொன்னேன். "அதுக்கு ராத்திரி எழுந்திருக்கணும்," என்றான்
வெட்டுக்காரனின் மகன்.

அவன் வீட்டு வாசலில் சக்கரங்களை இறக்கினோம்.
வேண்டாமென்று சொல்வான் என நினைத்தேன்.
ஐநூறு குறைத்துக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டான்,
விரலால் ஒரு கம்பியைத் துடைத்தான்,
முகம் தெரியும்வரை.

திரும்பும்போது வால் லேசாகிவிட்டது.
ஈரத்தில் பின்பக்கம் விறைத்துக்கொண்டு குதித்தது,
இல்லாத பாரத்தை இன்னும் தாங்குவதுபோல்.
செக்போஸ்ட்டுக்கு முன் ஓரம்கட்டி
குத்தவைத்து
வால்வு ஊசியை நகத்தால் அழுத்தினேன்.
சூட்டில் அளவு சரியாக வராது, உத்தேசம்தான்.

உஸ்ஸென்று வந்தது
காலையில் அடைத்த செங்கோட்டைக் காற்று.