விரற்கடை

மண்ணடியில் ஜக்கரியா பாய் கடை.
கண் போல்ட் இருக்கா என்றேன்.
டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிக்
கல்லாப் பலகையில் கொட்டினார்.
கல்யாண வீட்டு வெள்ளிபோல்
அப்படி ஒரு மினுக்கு.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எவ்வளவு தாங்கும் என்று
ஒன்றின் உடம்பிலும் எழுத்தில்லை.

"இன்னாக்கா தேடுறே?"
"எழுத்து."
"இது போல்ட்டுக்கா. புஸ்தகக் கடை அந்தாண்டை."

இஞ்சின் நானூற்று எண்பது கிலோ.
கியர்பாக்ஸைத் தனியே இறக்கிவிட்டோம்.
மணலிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே
பதினோரு வருஷம் கன்டெய்னர் இழுத்து,
கிராங்க் உடைந்து,
எங்கள் தண்டையார்பேட்டை ஷெட்டில்
கேபின் கவிழ்ந்து நிற்கிறது வண்டி.
தணிகாசலம் காலையிலேயே சொன்னார்:
"போன தபா கயித்துலயே தூக்கினாங்க."
தூக்கியவர்கள் யாரென்று நான் கேட்கவில்லை.
முன் ஆக்ஸில்மேல் ஒரு பள்ளம் இருக்கிறது,
இஞ்சின் மூலை அளவுக்கு.

பாய் உள்ளே போய்
எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியதை எடுத்து வந்தார்.
கறுப்பு. மினுக்கமே இல்லை.
அச்சில் ஊற்றியதல்ல, அடித்து எடுத்தது.
நகம் வைத்துத் தடவினால்
மேடாகத் தட்டுப்பட்டது: ஒரு டன்.
விலை ஐந்து மடங்கு.
அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு.
நேராகத் தூக்கினால்தான் ஒரு டன்.
சாய்த்து இழுத்தால்
கால் டன்கூட நிச்சயமில்லை.

சங்கிலியும் அப்படித்தான்.
இரண்டு கை விரித்துத் தூக்கினால்
பாதிப் பாதி என்று நினைப்போம்.
படுக்கப் படுக்கக் கனம் ஏறும்.
முப்பது டிகிரிக்குப் படுத்தால்
ஒவ்வொரு கையும் தனித்தனியே
முழு இஞ்சினைச் சுமக்கும்,
குழுக் கடனில் ஜாமீன் போட்டவர்கள்போல.
அந்தக் கணக்கு எனக்கு ஏற்கெனவே தெரியும்.
தவணை பாக்கி இன்னும் ஏழு.

குறுக்குச் சட்டம் ஒன்று வாங்கினேன்,
சங்கிலி இரண்டும் செங்குத்தாய் இறங்க.
வளைவுக் கொக்கி, பின் போட்ட ஷாக்கிள் நாலு,
இரண்டு டன் செயின் பிளாக்.
எல்லாவற்றிலும் எழுத்து.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு
ராயபுரம் பாலம் ஏறும்போது
பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா கேட்டாள்,
"இன்னாம்மா அது, நகையா?"

ஷெட்டுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன்.
கொக்கி மாட்ட வேண்டிய உத்தரம்.
எந்தக் கப்பலை உடைத்தபோது வந்ததோ,
உப்புக்காற்றில் நாற்பது வருஷம்.
சுத்தியலால் ஒரு தட்டு.
அப்பளம் மாதிரி உதிர்ந்து
தேசப்பன் தலையில் விழுந்தது.

எழுத்து எழுத்து என்று கடை கடையாய் அலைந்தவள்
இதைக் கேட்கவே இல்லை.
இருபது இஞ்சின் இதில் தொங்கியிருக்கிறது.
அதன் கீழேதான் டீ குடித்தோம்.

காசிமேட்டில் போட் இஞ்சின் இறக்கும் அருள்தாசனிடம்
சக்கரம் வைத்த இரும்புக் கவட்டை இருக்கிறது.
வாடகை ஆயிரத்து இருநூறு.
தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
பாதி என் கணக்கு என்றேன்.
அப்புறமும் திருப்பவில்லை.

காலை.
தரைச் சரிவுக்குச் சக்கரத்தடியில் கட்டை வைத்தோம்.
ராத்திரி முழுக்கச் சம்ப்பிலிருந்து சொட்டிய எண்ணெய்
அட்டையில் ஒற்றைப் பொட்டாய் ஊறியிருந்தது.
தேசப்பன் சங்கிலி இழுத்தான்.
கிட், கிட், கிட்.
மவுண்டை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது.
நிறுத்து.

கீழே யாரும் இல்லை.
பக்கத்திலும் யாரும் இல்லை.
வெளியே டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.
இரும்பு எங்கேயோ ஒருமுறை முனகி
அடங்கியது.

அடுத்த சொட்டு விழுந்தது,
பொட்டுக்கு நாலு விரல் தள்ளி.

இறக்கு என்றேன்.
"தூக்கியாச்சேக்கா!"
இறக்கு. கொக்கியை
ஒரு கண்ணி முன்னால் மாற்றிப் போடு.

தணிகாசலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் அட்டையைப் பார்த்தேன்.
மறுபடியும்
ஒரு விரற்கடை.