ஒரு கண்ணைப் பொத்தி

டிவி ரிம்விதஸ் கொண்டுவந்தது.
ரிசீவர் என்னுடையது,
முதல் கணவனிடம் வழக்காடி வாங்கியது:
பதினோரு கிலோ, பக்கவாட்டில் ஒரு கீறல்.
அவரவர் வீட்டைக் காலிசெய்து
கிளைபெடா துறைமுகத்துக்குப் பின்னே
நான்காம் மாடியில் நாங்கள் சேர்ந்தபோது
இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்தோம்,
எங்களுக்கு முன்பாகவே
அவை ஒத்துப்போய்விடும் என்பதுபோல.

ஒத்துப்போகவில்லை.
ஒரு கேபிளைச் செருகினால் போதும்,
ஒன்று விழித்தால் மற்றதும் விழிக்கும்
என்றான் கடைப்பையன்.
என் ரிசீவர் பிறந்த ஆண்டில்
அப்படியொரு பேச்சே இல்லை.

படத்துக்கு ஒரு ரிமோட், சத்தத்துக்கு ஒன்று.
கூடைப்பந்து நாட்களில்
ஒன்று அவன் தொடைக்கு அடியில்,
மற்றது சோபா இடுக்கில், கறுப்பு ரொட்டித் துகள்களோடு.
கடைசி நொடியில் எறிந்த பந்து
வளையத்தின் விளிம்பில் சுற்றிக்கொண்டிருக்கும்,
அலறும் வர்ணனையைக் குறைக்க நான் துழாவுவேன்.
அகப்படுவது எப்போதும் தப்பான ரிமோட்.
சேனல் மாறிவிடும்.
அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.
அந்த ஒன்றும் சொல்லாமை
ஒரு வாரம் ஓடும்.

காயல் உறைந்துகிடந்த பிப்ரவரி ஞாயிறு
மூன்றாவதாக ஒன்று வாங்கிவந்தான்,
கற்றுக்கொள்ளும் ரிமோட்.
பழையதையும் புதியதையும் மேசைமேல்
மூக்கோடு மூக்கு படுக்கவைத்து
ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினான்.
கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பழையது ஏதோ சொல்ல
ஒருமுறை சிமிட்டி, சரி என்றது புதியது.
சத்தம் கூட்டு. சரி.
சத்தம் குறை. சரி.
வாய்மூடு. சரி.
அதை மட்டும் இன்னொரு முறை சொல்லிக்கொடுத்தான்,
என்னைப் பார்க்காமல்.

பிறகு உச்சியிலிருந்த சிவப்புப் பொத்தான்,
ஒரே அழுத்தில் இரண்டுக்கும்.
அங்கேதான் வந்தது வினை.
எழு என்றும் தூங்கு என்றும்
தனித்தனியாக இரண்டு சொல் அவற்றுக்குக் கிடையாது.
இப்போது எப்படி இருக்கிறாயோ அதற்கு மாறு,
அவ்வளவுதான் தெரியும்.
டிவி விழித்திருந்தது, ரிசீவர் தூக்கத்தில்.
அழுத்தினான்.
திரை கறுத்து, கீழே ரிசீவரின் பச்சை எண்கள் எழுந்தன.
மறுபடி அழுத்தினான்.
ரிசீவர் படுத்தது, டிவியில் யாரோ ஊமையாய் வாயசைத்தார்கள்.
ஏட்டிக்குப் போட்டி.

ஏழு முறை.
நான் சிரித்துவிட்டேன்.
இரவு ஷிப்டில் அவன் கிரேன் ஓட்டுகிறான்,
பகலில் நான் ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.
காலை ஆறேகாலுக்கு
அவன் காலுறை கழற்றும் ஓசையில் எழுவேன்.
என் சூடு ஆறாத பக்கத்தில் அவன் சரிவான்.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அவன் முகம் மட்டும் ஏனோ சிவந்தது.

மாடல் எண்ணைப் பார்க்கலாமென்று
ரிசீவருக்குப் பின்னே தலையை நீட்டி
தாங்கலுக்காக அதன் முன்கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றினேன்.
வெறுப்பில் அவன் எட்டாம் முறை அழுத்தினான்.
ரிசீவருக்கு எதுவும் தெரியவில்லை,
விழித்தது விழித்தபடி இருந்தது.
டிவி மட்டும் எழுந்து சேர்ந்துகொண்டது.
கடற்கரைப் பனிக்கட்டியின் கனம் வாசித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி,
உதடும் குரலும் ஒன்றாக.

'கையை எடுத்துவிடாதே,' என்றான்.
'எவ்வளவு நேரம்?'
'தெரியாது.'
எடுக்கலாம் என்று இருவருக்கும் தெரியும்.
எல்லாத் துறைமுகங்களின் கனமும் வாசித்து முடியும்வரை
குனிந்தபடியே நின்றேன்.

பழைய ரிமோட்டுகள் இழுப்பறையில் கிடக்கின்றன,
பேட்டரி கழற்றி.
மாதத்துக்கு ஒருமுறை இன்னும் தடம் பிறழ்கிறது.
ஒருவர் பொத்தானை அழுத்த
ஒருவர் எழுந்துபோய் ஏதாவதொன்றின் கண்ணைப் பொத்தவேண்டும்.
ஒரே ரிமோட்தான், இரண்டு ஆள் வேண்டும்.
எழுந்துபோகிற முறை யாருக்கு என்பதில்
இந்த நிமிடம் வரை தகராறு.