நாற்பது ரியால்

ஜெபக்குறிப்பு என்றுதான் சொன்னேன்.
தார்செய்த்தில், பொன்னையா அண்ணாச்சி வீட்டு ஹாலில்,
ஒரு செவ்வாய்க்கிழமை,
ஏசி இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி,
ஆனாலும் தாழ்ந்த குரலில்:
"சகோதரி ஜெபசீலிய நினைச்சுக்கோங்க.
ராத்திரி ஒன்றரைக்கு ஒரு கார் வந்து எறக்கிவிடுது.
வேற ஒண்ணும் கேக்காதீங்க."

யாரும் கேட்கவில்லை.
எல்லோரும் கண்ணை மூடினார்கள்.
மூடிய கண்களுக்குள் அந்தக் கார்
ஆளுக்கொரு நிறத்தில் வந்து நின்றது.

அது ஆஸ்பத்திரி வண்டி.
பின்சீட்டில் இன்னும் மூன்று நர்சுகள்
ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கிக்கொண்டு வருவார்கள்.
எனக்குத் தெரியும்.
ஜன்னல் திரையை விலக்கி எண்ணியிருக்கிறேன்.
கார் என்றேன், ராத்திரி என்றேன்,
இரண்டும் நிஜம்.
பொய் சொல்லவில்லை பொய் சொல்லவில்லை என்று
மூன்று மாதம்
கர்த்தரிடம் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அனுப்பும் பணம் நாசரேத் போய்ச் சேர
இரண்டு நாள் ஆகும்.
இது விடியுமுன் சேர்ந்துவிட்டது.
அங்கிருந்து மூக்குப்பீரிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு,
நடந்தேகூடப் போயிருக்கும்.
முதல் ஓலை வாசித்திருந்தார்கள்.
இரண்டாவது ஓலையை
ஐயர் வாசிக்கவில்லை.

என்னதான் செய்தாள் அவள் எனக்கு?
தம்பி பரீட்சைக் கட்டணத்துக்கு
நாற்பது ரியால் வாங்கினாள்.
பதினான்கு மாதம் தரவில்லை.
ஒரே அறை, ஒரே அடுப்பு,
என் கண் முன்னால் புதுச் செருப்பு வாங்கினாள்.
வாதி கபீரில் டைல்ஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வரவேண்டிய பாக்கி
எனக்கு ராத்திரியில் தூக்கம் தராது.
அந்தச் செருப்பின் விலை இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நாற்பது ரியாலுக்கு
நான் எடுத்துக்கொண்ட வட்டி
ஒரு கல்யாணம்.

ரூவி சபையில் வெள்ளிக்கிழமை
பரமண்டல ஜெபம் சொல்லும்போது
கடன் என்ற சொல் வரும் இடத்தில்
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.
பக்கத்தில் நிற்கும் ஆலிஸ் அக்கா
இருமல் மருந்து தருகிறாள்.
திருவிருந்துத் தட்டு வருகிறது,
விரல் அளவுப் பிளாஸ்டிக் கிண்ணங்கள்.
சளி என்று சைகை காட்டி அனுப்பிவிடுகிறேன்.
ஐந்து மாதமாகச் சளி.

சலாலாவுக்கு மாற்றல் வாங்கிப் போனவள்
யாரிடமோ கொடுத்தனுப்பினாள்.
காணிக்கை உறை. உள்ளே இரண்டு இருபது.
கடிதம் இருக்கிறதா என்று
உறையைக் கிழித்தே பார்த்தேன்.
இல்லை.
திட்டியிருந்தால் மன்னிப்பதற்கு எனக்கும்
ஏதாவது இருந்திருக்கும்.

போன செவ்வாய் எழுந்து நின்றேன்.
"அது ஆஸ்பத்திரி வண்டி.
தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன்.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு அண்ணாச்சி,
"பழசு எதுக்கும்மா? கர்த்தர் பாத்துப்பார்" என்றார்.
ஆலிஸ் அக்கா சுண்டல் எடுத்துவந்தாள்.
ஒருத்தர் போனும் வெளியே வரவில்லை.
இந்தச் செய்தி நாசரேத்துக்குப் போகாது.
இதற்குக் கால் இல்லை.

இன்று ரூவி பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.
சலாலாவில் சாரலாம்;
மலை பச்சையாகிவிட்டதாம்.
குடையும் பாயும் பிரியாணிப் பாத்திரமுமாகக் குடும்பங்கள்.
சனிக்கிழமை வரைக்கும் சீட் இல்லை,
யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்கிறான்.

சீட் கிடைத்தாலும்
அவள் கதவைத் திறப்பாள் என்று சொல்வதற்கில்லை.
நானாக இருந்தால் திறக்கமாட்டேன்.
அதை நினைக்கும்போதுதான்
முழங்கால் நடுங்குகிறது.

பன்னிரண்டு மணி நேரப் பயணம்.
ஹைமா தாண்டினால்
வெகுதூரத்துக்கு சிக்னல் கிடைக்காது என்று
வரிசையில் பின்னால் நிற்கும் ஒருவர்
வருத்தமாகச் சொல்கிறார்.
எனக்கு அது போதும்.